மூன்றாவது உறை

"உள்ள போனதும் பேசக் கூடாது," என்றார் தர அதிகாரி. "ஒரு வார்த்தை பேசினாலும் வாயிலேருந்து கண்ணுக்குத் தெரியாம துளி பறக்கும். அது போய் மருந்துல உட்காரும்."

அண்ணி திரும்பித் தன் கொழுந்தனைப் பார்த்தாள். பல வருஷ ஆசை ஒன்று நிறைவேறப்போகிற நிம்மதி அவள் முகத்தில் தெரிந்தது.

"என்ன அண்ணி, நம்ம வீட்டுக்கும் இப்படி ஒரு ரூம் கட்டலாம்னு யோசிக்கிறீங்களா?"

"கட்டி உன்னை உள்ள வெச்சுப் பூட்டவும் யோசிச்சாச்சு. முகமூடியைப் போடு."

அவனை வீட்டிலும் வெளியிலும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். இன்சூரன்ஸ் விற்கப் போய், கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவர்களைக்கூடப் பேசியே எழுந்து ஓட வைத்தவன். அண்ணி சுங்க இலாகாவில் பெட்டி திறந்து பார்க்கிற வேலையை விட்டுவிட்டு, வீட்டு மாடியில் துப்பறியும் அலுவலகம் போட்டபோது, சும்மா இருந்த கொழுந்தனைத் துணைக்கு வைத்துக்கொண்டாள். ஒரு பெட்டியை வெளியிலிருந்து பார்த்தே உள்ளே இருப்பது பொம்மையா பொய்யா என்று சொல்லிவிடுவாள் என்று அந்த இலாகாவில் அவளுக்குப் பெயர்.

இன்று அவர்கள் வந்திருந்தது ஒரு மருந்துத் தொழிற்சாலைக்கு. கண் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு விடுகிற சொட்டு மருந்து தயாராகிற இடம். சமீபத்தில் மூன்று தடவை மருந்தில் பூஞ்சை வந்திருந்தது. மூன்றும் காலை ஷிஃப்டில் தயாரானவை. காலை ஷிஃப்டின் சூப்பர்வைசர் ஒரு பெண்மணி. கை கழுவினவர்களை இன்னொரு தடவை கழுவு என்று துரத்துகிறவர் என்பதால் எல்லோரும் அவரை டீச்சர் என்பார்கள். அந்த டீச்சரை முந்தாநாள் வேலையை விட்டு நிறுத்திவிட்டார் முதலாளியம்மா. வேண்டுமென்றே செய்திருக்கிறார் என்று சந்தேகம்.

"சாயங்காலம் போலீஸ்ல புகார் கொடுக்கப் போறேன்," என்று காலையிலேயே சொல்லியிருந்தார் முதலாளியம்மா. "அதுக்குள்ள ஆதாரம் கிடைச்சா கொடுங்க. கிடைக்கலேன்னாலும் புகார் புகார்தான். ஆபரேஷன் பண்ணின கண்ணுல பூஞ்சை போனா அந்தக் கண்ணு போச்சு. நானும் போன வாரம்தான் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். நெனச்சாலே நடுங்குது."

அவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். தர அதிகாரி அவருடைய சொந்தத் தம்பி. அவரே இவர்களைச் சுற்றிக் காட்ட வந்திருந்தார்.

தலை முதல் கால் வரை மூடுகிற வெள்ளை அங்கி, இரண்டு ஜோடி கையுறை, முகமூடி, கண்ணுக்குக் கண்ணாடி. ரேடியோ தன்னைக் கண்ணாடியில் பார்த்தான். கடையில் சுருட்டி வைத்த மெத்தைக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தான். அதைச் சொல்ல வாய் துடித்தது. சொல்ல முடியவில்லை.

முதலில் வெளியறை. அதற்கடுத்து, கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், மருந்து நிரப்புகிற உள்ளறை. உள்ளறையில் நாலு பேர் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல் நிதானமாக நடந்தார்கள். மேலிருந்து காற்று இறங்கிக்கொண்டே இருக்கும் மெல்லிய இரைச்சலைத் தவிர வேறு சத்தமில்லை. இத்தனை சுத்தமான இடத்தில் நிற்கவே ரேடியோவுக்குப் பயமாக இருந்தது. தான் மூச்சு விடுவதே குற்றம் போலத் தோன்றியது.

வெளியறையில் ஒரு பெண் வேலை செய்துகொண்டிருந்தாள். உள்ளறைக்குப் போக வேண்டிய சாமான்கள் அவள் கையில்தான் கடைசியாக நிற்கும். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த ஒரு பொட்டலத்தை எடுத்தாள். மேலுறையைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். உள்ளே இன்னோர் உறையோடு இருந்த பொட்டலத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, சுவரில் இருந்த சின்னக் கதவு வழியாக உள்ளே தள்ளினாள். அந்தப் பக்கம் இருந்தவள் எடுத்துக்கொண்டாள்.

அண்ணி உள்ளறைப் பக்கம் திரும்பவே இல்லை. குப்பைக்கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து, கிழித்துப் போட்ட உறை ஒன்றை எடுத்தாள். விரலால் அதன் வெளிப்பக்கத்தைத் தடவி, கையுறையை ரேடியோவின் கண்ணுக்கு நேரே நீட்டினாள்.

வெள்ளைக் கையுறையின் நுனியில் பழுப்பு நிறத்தில் துளித் துளியாய்ப் பஞ்சு மாதிரி ஏதோ.

ரேடியோ தோளைக் குலுக்கினான். அண்ணி இரண்டு கைகளாலும் காற்றில் ஒரு சதுரம் வரைந்து காட்டினாள். அவனுக்குப் புரிந்தது. பெட்டி. அட்டைப் பெட்டி. அட்டைப் பெட்டியின் தூசு.

அவனுக்குப் பின்னால் தர அதிகாரி கதவைத் திறந்து, போகலாம் என்று கையைக் காட்டினார். கொஞ்சம் அவசரமாகவே காட்டினார்.

*

வெளியே வந்து முகமூடியைக் கழற்றியதும் ரேடியோ அணை உடைந்த மாதிரி ஆரம்பித்தான்.

"அட்டைப் பெட்டி உள்ள வரக் கூடாதுன்னு வாசல்லயே எழுதிப் போட்டிருக்கே அண்ணி! அப்புறம் தூசு மட்டும் எப்படி வந்துச்சு? நடந்தா வந்துச்சு?"

"அதத்தான் கேக்கப் போறோம். ஸ்டோர் எங்க இருக்கு சார்?"

"ஸ்டோருக்கும் உள்ளறைக்கும் சம்பந்தமே இல்லையே மேடம்," என்றார் தர அதிகாரி.

"சம்பந்தமில்லாத இடத்தைப் பாக்கறதுன்னா எனக்கு ரொம்பப் பிடிக்கும்."

ஸ்டோர் கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. உயரமான தகரக் கூரை. தரையிலிருந்து தலைக்கு மேல் வரை அட்டைப் பெட்டிகள். வாசலில் ஒரு மேசை, ஒரு நாற்காலி. நாற்காலியில் பெரிய மீசையும் சின்னத் தூக்கமுமாக ஸ்டோர்காரர் உட்கார்ந்திருந்தார். இவர்களைப் பார்த்ததும் எழுந்தார். மீசைதான் முதலில் எழுந்தது.

மேசைக்கு மேலே சுவரில் பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு: அட்டைப் பெட்டியை இங்கேயே பிரிக்கவும். முதல் உறையை இங்கேயே கழற்றிக் கூடையில் போடவும். இரண்டாவது உறை வெளியறையில். மூன்றாவது உறை உள்ளறையில் மட்டும்.

அண்ணி அதை வாய்விட்டு ஒரு தடவை படித்தாள். பிறகு அறிவிப்புக்குக் கீழே இருந்த கூடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

கூடைக்குள் ஒரு குடை இருந்தது.

"இது என்ன?" என்றாள்.

"குடைங்க."

"அது தெரியுது. உறை போடற கூடையில குடைக்கு என்ன வேலை?"

"கூடை சும்மாதானேங்க இருக்கு. முதல் உறைதான் இப்பல்லாம் வர்றதில்லையே. ரெண்டு உறையோடதான் வருது."

"எப்பலேருந்து?"

"மழை விட்டதுலேருந்து..." ஸ்டோர்காரர் சட்டென்று நிறுத்தினார். மீசையைத் தடவிக்கொண்டார். "அதாவது, கொஞ்ச நாளா."

"வெளியில வெயில் கொளுத்துது. மழை நின்னு எவ்வளவோ நாளாச்சு. இன்னும் குடை எதுக்கு?"

"பழக்கம்தாங்க. அப்பல்லாம் இங்க உட்காரணும்னாலே குடை வேணும்."

"இங்கயா? கூரைக்குக் கீழயா?"

ஸ்டோர்காரர் குடையை எடுத்து மேசைக்கு அடியில் தள்ளினார்.

ரேடியோவால் சும்மா இருக்க முடியவில்லை. "அண்ணே, குளிக்கிறப்பவும் குடை பிடிச்சுக்குவீங்களோ?"

ஸ்டோர்காரர் சிரிக்கவில்லை. அவர் கண் தர அதிகாரியின் பக்கம் போயிற்று. உடனே விலகிக்கொண்டது.

"ரெண்டு உறையோட வந்தா போதும்னு யார் சொன்னது?" அண்ணி விடவில்லை.

"மேல சொன்னாங்க."

"மேலன்னா?"

மனிதர் தவித்துப்போய் நிஜமாகவே மேலே பார்த்தார். ரேடியோவும் மேலே பார்த்தான். கூரைத் தகரமெல்லாம் பழுத்துக் கறுத்துக் கிடக்க, நடுவில் ஒரு வரிசை மட்டும் பளபளவென்று புத்தம் புதிதாக இருந்தது. பல்செட் கட்டின மாமாவின் சிரிப்பு மாதிரி.

அந்த நேரம் தர அதிகாரியின் போன் அடித்தது. "ஒரு நிமிஷம்," என்று சொல்லிவிட்டு வெளியே போனார். ரொம்ப தூரம் போனார்.

அண்ணி பெட்டிகளின் நடுவே நடந்தாள். துடைப்புத் துணி என்று ஒட்டியிருந்த பெட்டி ஒன்றின் முன் நின்றாள். உள்ளறையில் மேசை, கருவி, கதவு, கை எல்லாவற்றையும் துடைக்கிற துணி அது.

"இதைப் பாரு."

"துணிப் பெட்டி. என்ன இப்போ?"

"ஒட்டியிருக்கிற சீட்டை விடு. பெட்டியில அச்சடிச்சிருக்கறதப் படி."

ரேடியோ பெட்டியைச் சுற்றி வந்தான். பின்பக்கம் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது: கண்ணாடிக் குப்பிகள். கவனம்.

"துணி எதுக்குக் குப்பி சட்டையைப் போட்டுக்கிட்டு நிக்குது?" என்றான்.

"அதோட சொந்தச் சட்டை நனைஞ்சிருச்சு," என்றாள் அண்ணி.

*

அவர்கள் வராந்தாவின் ஒரு மூலையில் நின்றார்கள். ரேடியோவுக்குத் தலை சுற்றியது. ஆனால் சொல்லிவிட அவசரம்.

"நான் சொல்றேன் அண்ணி. மழையில கூரை ஒழுகியிருக்கு. பெட்டியெல்லாம் நனைஞ்சிருக்கு. மேலுறையை எல்லாம் உரிச்சுப் போட்டுட்டு, பழைய குப்பிப் பெட்டியில துணியை மாத்தி வெச்சிருக்காங்க. மீசைக்காரர் வேலை. சரியா?"

"பாதி சரி."

"ஆனா ஒரு உறை போனா என்ன? இன்னும் ரெண்டு இருக்கே?"

"நீ வெளியிலேருந்து சேத்துல நடந்து வர்ற. செருப்பை வாசல்ல கழட்டணும். கழட்டாம வந்து, கூடத்துல கழட்டற. செருப்பைக் கழட்டிட்டேன்னு சொல்லலாம். ஆனா சேறு எங்க இருக்கும்?"

"கூடத்துல." அவனுக்கு மெல்லப் புரிந்தது. "அப்போ, அட்டையில உரசின உறை ஸ்டோரோட நின்னிருக்கணும். அது வெளியறை வரைக்கும் வந்திருக்கு."

"அதை உரிச்ச அதே கைதான் அடுத்த உறையைத் தொட்டுச்சு. அதே பொட்டலம்தான் உள்ள போச்சு. ஈரம் பட்ட அட்டையில பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஸ்பிரிட் போட்டுத் துடைச்சாலும் அதோட விதை சாகாது. அதுலயும் உள்ள போனது என்ன? துடைக்கற துணி."

ரேடியோ வாயைப் பிளந்தான். "சுத்தம் பண்றோம்னு நெனச்சுக்கிட்டு உள்ள அத்தனை இடத்துலயும் பூஞ்சையைப் பூசிக்கிட்டு இருந்திருக்காங்க!"

"ம்."

"அப்போ டீச்சர் வேணும்னு பண்ணல. சுத்தமா துடைக்கறேன்னு ரொம்பத் துடைச்சிருக்காங்க, அதனாலதான் அவங்க ஷிஃப்டுல வந்துச்சு. மதிய ஷிஃப்டுக்காரர் சோம்பேறியா இருக்கணும், துடைக்கவே இல்ல, தப்பிச்சுட்டார். முடிஞ்சது கேஸ். போய்ச் சாப்பிடலாமா?"

அண்ணி நகரவில்லை. வராந்தாவுக்கு அப்பால், மரத்தடியில், தர அதிகாரி இன்னும் போனைக் காதில் வைத்தபடி நின்றிருந்தார். பேசவில்லை. வெறுமனே வைத்திருந்தார்.

"ரெண்டு ஷிஃப்டுக்கும் துணி ஒரே ஸ்டோர்லேருந்துதானே போகுது?"

"ஆமா."

"ஒரே பெட்டிலேருந்து?"

"ஆமா."

"பூஞ்சைக்கு ஷிஃப்ட் தெரியுமாடா?"

ரேடியோ பதில் சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை. திறந்த வாயோடு ஸ்டோர் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"மதிய ஷிஃப்ட் மருந்துலயும் பூஞ்சை இருக்கணும்," என்றாள் அண்ணி. "சோம்பேறியோ சுறுசுறுப்போ, ஒரு தடவை துடைச்சாப் போதும். அப்படி இருந்தும் அதெல்லாம் பாஸ் ஆகியிருக்கு. நல்ல மருந்துன்னு வெளியே போகத் தயாரா நிக்குது. அப்படின்னா யாரோ பொய் சொல்றாங்க."

"சோதனை பண்றது யாரு?"

அண்ணி மரத்தடியைப் பார்த்தபடியே சொன்னாள். "நீ போய் பாஸ் ஆன மருந்துலேருந்து ஒரு பாட்டில் வாங்கிட்டு வா. மதிய ஷிஃப்ட் மருந்து. எல்லாரும் பாக்கற மாதிரி, சத்தமா கேட்டு வாங்கு. உனக்குச் சொல்லித் தரணுமா?"

*

முதலாளியம்மாவின் அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் அவர். எதிரே அண்ணி. ஜன்னலோரம் தர அதிகாரி, ஒரு காலை ஆட்டிக்கொண்டே. ரேடியோ பாட்டிலோடு உள்ளே வந்து அதை அண்ணியிடம் கொடுத்தான். அண்ணி மேசைமேல் முதலாளியம்மாவின் சொட்டு மருந்துக்குப் பக்கத்தில் கிடந்த பேப்பர்களை ஒதுக்குகிற சாக்கில் இரண்டு கைகளாலும் ஏதோ செய்தாள். ரேடியோ அவள் கையையே கவனித்தும் அவனுக்கு எதுவும் பிடிபடவில்லை.

"ஆதாரம் கிடைச்சிருச்சா?" என்றார் முதலாளியம்மா.

"கிடைக்கப் போகுது. உங்க மருந்து நேரம் ஆயிருச்சே, போட்டுக்கலையா?"

"ஆமா, பேச்சுல மறந்துட்டேன். என் பாட்டில் எங்க..."

"இந்தாங்க, புதுசு. மதிய ஷிஃப்டுல தயாரானது. இன்னிக்கு வெளியே போகற அதே மருந்து. உங்க தம்பியே பாஸ் போட்டது. உங்க மருந்தை நீங்களே போட்டுக்கிட்டா ஊருக்கே நம்பிக்கை வரும்."

"நான் எப்பவும் நம்ம மருந்துதான்," என்றார் முதலாளியம்மா பெருமையாக. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். பாட்டிலின் மூடியைத் திருகினார். தலையை நாற்காலியின் முதுகில் சாய்த்தார்.

ஜன்னலோரத்தில் ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது.

முதலாளியம்மா கீழிமையை விரலால் இழுத்துப் பிடித்தார். பாட்டில் கண்ணுக்கு மேலே வந்தது. நுனியில் ஒரு சொட்டு திரண்டது.

"அக்கா, வேண்டாம்!"

ஜன்னலோர நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. தர அதிகாரி பாய்ந்து வந்து பாட்டிலைத் தட்டிவிட்டார். அது சுவரில் மோதி உருண்டது. 

அண்ணி எழுந்து பாட்டிலைப் பொறுக்கினாள். "இது அவங்களோட பழைய பாட்டில்தான். மழைக்கு முன்னாடி தயாரானது, நல்ல மருந்து. நீங்க பாஸ் போட்டது என் கைப்பையில இருக்கு." குரலை உயர்த்தாமலே கேட்டாள். "ஏன் சார் தட்டிவிட்டீங்க?"

அவர் அக்காவைப் பார்த்தார்.

"என்னடா இது?" முதலாளியம்மாவின் குரல் கீழே போயிருந்தது. "சொல்லு."

"மழைக்கு முன்னாடி கூரையைப் பாருன்னு நீ சொன்ன. நான் மறந்துட்டேன் அக்கா. ஒரே ராத்திரில எல்லாம் நனைஞ்சிருச்சு. உனக்குத் தெரிஞ்சா என்னை வெளியே தள்ளிருவியோன்னு பயம். நனைஞ்ச உறையை உரிச்சு எரிச்சுட்டு, உள்ள இருந்ததை வேற பெட்டியில மாத்தினோம். இன்னும் ரெண்டு உறை இருக்கே, என்ன ஆயிரப்போகுதுன்னு நெனச்சேன்." விழுந்த நாற்காலியை நிமிர்த்தினார். "டீச்சர் மட்டும் வந்து வந்து கேட்டாங்க. மூணாவது உறை எங்க, மூணாவது உறை எங்கன்னு. அப்புறம் முதல் தடவை பூஞ்சை வந்தது. அவங்க ஷிஃப்ட்."

"அதனால அவங்க மேலயே போட்டுட்ட."

"மதிய ஷிஃப்டுலயும் வந்தா காரணம் வேறன்னு ஆயிரும். ஸ்டோருக்கு வருவாங்க. அதனால அதை மறைச்சேன். ஆனா சத்தியமா அதை வெளியே அனுப்ப விடாம ஏதாவது காரணம் சொல்லி நிறுத்தணும்னுதான்..."

"நிறுத்தினீங்களா?" என்றாள் அண்ணி.

அவர் கையிலிருந்த போனைப் பார்த்தார். "நீங்க ஸ்டோர்ல இருந்தப்ப போன் வந்ததே. கண் ஆஸ்பத்திரிலேருந்து. காலை வேனுல ஒரு பெட்டி போயிருச்சு. எனக்கே அப்பத்தான் தெரிஞ்சது. இன்னிக்கு ஆபரேஷன் நாள்."

முதலாளியம்மா அவரைப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அண்ணி அதற்குள் போனை எடுத்திருந்தாள். ஆஸ்பத்திரி எண் அடித்தது, அடித்தது, எடுக்க ஆளில்லை.

"கார்ல போனா மார்க்கெட் நெரிசல்ல மாட்டிக்குவோம். ரேடியோ, பைக்கை எடு."

"நானும் வர்றேன்," என்றார் முதலாளியம்மா. "இவரை அங்க யாருக்கும் தெரியாது. உள்ள விட மாட்டாங்க."

"அம்மா, உங்க கண்ணு... தூசி..."

"எடுய்யா பைக்கை!"

*

ரேடியோ தன் வாழ்நாளில் அப்படி ஓட்டியதில்லை. மார்க்கெட் சந்தில் காய்கறி வண்டிகளுக்கு நடுவே நுழைந்தான். ஒரு சைக்கிள்காரர் திட்டியது பாதிதான் காதில் விழுந்தது. பின்னால் முதலாளியம்மா ஒரு கையால் அவன் தோளையும் மறு கையால் கறுப்புக் கண்ணாடியையும் பிடித்திருந்தார். தோளில் இருந்த பிடி வலித்தது. ஒரு சிக்னலில் நின்றபோது அவனுக்கு ஏதாவது தமாஷாகச் சொல்லத் தோன்றியது. எதுவும் வரவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கூட்டம் கூடியிருந்தது. நடுவில் காவலாளி ஒரு பெண்மணியின் முழங்கையைப் பிடித்திருந்தார். செருப்பில்லாத கால். வீட்டுப் புடவை. நெஞ்சோடு ஓர் அட்டைப் பெட்டியை அணைத்துப் பிடித்திருந்தார். விடுவதாக இல்லை.

"பட்டப்பகல்ல மருந்தைத் தூக்கிட்டு ஓடப் பாக்குது," என்று காவலாளி கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"டீச்சர்!" என்றார் முதலாளியம்மா.

ரேடியோவுக்குப் பிறகுதான் விளங்கிற்று. இவர்கள் படியிறங்கும்போதே அண்ணி டீச்சருக்குப் போன் செய்திருக்கிறாள். டீச்சரின் வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில். முந்தாநாள் திருடி மாதிரி வெளியே அனுப்பப்பட்டவர், காரணம்கூடக் கேட்காமல் ஓடி வந்திருக்கிறார்.

"விடுங்க அவங்களை. இது என் கம்பெனி மருந்து. நான்தான் முதலாளி."

காவலாளி கையை எடுத்தார். முதலாளியம்மா ஏதோ சொல்ல ஆரம்பித்தார். டீச்சர் காதில் வாங்கவில்லை.

"அப்புறம் பேசலாம்மா. பெட்டி பிரிஞ்சிருக்கு. ஒரு பாட்டிலை எடுத்துட்டுப் போயிட்டாங்க. எந்த வார்டுன்னு சொல்ல மாட்டேங்கறாங்க." பெட்டியை முதலாளியம்மாவின் கையில் திணித்தார். "தம்பி, நீங்க மாடி. நான் இந்தப் பக்கம்."

ரேடியோ மாடிக்கு ஓடினான். முதல் அறையில் காலிக் கட்டில்கள். அடுத்ததில் கண்ணில் கட்டோடு இரண்டு பேர், நர்ஸ் இல்லை. அதற்கடுத்ததில் ஒரு நர்ஸ், கையில் வெறும் தெர்மாமீட்டர். அவன் திரும்பிப் படிகளில் தாவி இறங்கினான். கீழே, வராந்தாவின் கோடியில், ஒரு அறைக் கதவு திறந்து ஆடிக்கொண்டிருந்தது.

உள்ளே கட்டிலில் ஒரு நடுவயதுக்காரர் மல்லாந்து படுத்திருந்தார். அவர் தலைமாட்டில் நர்ஸ், கையில் கவிழ்த்த பாட்டிலோடு. அந்தப் பாட்டிலுக்கும் அந்தக் கண்ணுக்கும் நடுவே, எதையும் தொடாமல், ஒரு கை விரிந்து நீண்டிருந்தது. டீச்சரின் கை. புறங்கையில் ஒரு சொட்டு மருந்து மின்னிற்று.

"யாரும்மா நீங்க? பைத்தியமா?" என்றாள் நர்ஸ்.

"இதுக்கு முன்னாடி விட்டீங்களா?" என்றார் டீச்சர். கையை எடுக்கவில்லை. "இந்தப் பாட்டிலை வேற யாருக்காவது விட்டீங்களா?"

"இல்ல. இப்பத்தான் பிரிச்சேன். இதுதான் முதல் சொட்டு."

டீச்சர் அந்தக் கையை அப்படியே நீட்டிப் பிடித்தபடி, எதன்மீதும் படாமல், குழாயடிக்குப் போனார். ரொம்ப நேரம் கழுவினார். கட்டிலில் இருந்தவர் மட்டும், "என்னாச்சு? என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ரேடியோ அவர் கையைப் பிடித்து, "ஒண்ணும் ஆகல சார்," என்றான். பிறகு பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

வாசலில் பெட்டியோடு நின்ற முதலாளியம்மா டீச்சர் கழுவி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"என்கிட்ட நேரா வந்து சொல்லியிருக்கலாமே."

"ரெண்டு தடவை வந்தேன்மா. உங்க தம்பி, அக்காவுக்கு உடம்பு சரியில்ல, நானே சொல்லிக்கறேன்னார்."

முதலாளியம்மா தலையைக் குனிந்துகொண்டார். "நாளைக்கே வேலைக்கு வந்துருங்க."

"ஸ்டோர்ல இருக்கிற ஒரு துணிகூட உள்ள போகக் கூடாது. உள்ளறை முழுக்க மறுபடி சுத்தம் பண்ணணும், ஸ்பிரிட் போதாது. பாஸ் ஆனது ஆகாதது, மொத்த மருந்தையும் கொட்டணும். அதெல்லாம் முடியட்டும். வர்றேன்." கொஞ்சம் நிறுத்தி, "அவ்வளவு பேர் முன்னாடி என்னை வெளியே அனுப்பினீங்க. அவ்வளவு பேர் முன்னாடி கூப்பிடுங்க," என்றார். யாருடைய துணையும் இல்லாமல், வெறுங்காலோடு, சூடேறிய சிமெண்டுத் தரையில் நடந்து போனார்.

அந்தப் பெட்டியை ஆஸ்பத்திரி ஆபீசில் சீல் வைத்து ஒப்படைத்துவிட்டு இருவரும் வெளியே வந்தார்கள். ரேடியோ பைக்கைக் கிளப்பினான்.

"ஃபாக்டரிக்காம்மா, வீட்டுக்கா?"

முதலாளியம்மா பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

"போலீஸ் ஸ்டேஷனுக்கு."

அவன் பைக்கின் கண்ணாடியில் பார்த்தான். கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே இரண்டு கன்னத்திலும் ஈரம் இறங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, ஆபரேஷன் பண்ணின கண்ணு. அழக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருப்பாரே..."

"சொல்லியிருக்கார்," என்றார் முதலாளியம்மா. "அம்மா போனப்புறம் அவனைத் தூக்கி வளத்தது நான்தான். நீ ரோட்டைப் பாத்து ஓட்டு."